வீட்டைப் புதுப்பிக்கும் முன் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்!





கம்பம் பள்ளத்தாக்கின் நம் மஹல்லாக்களில் இப்போதெல்லாம் கடப்பாரை ஓசை ஓய்வதில்லை. துபையிலும் ரியாதிலும் குவைத்திலும் உழைக்கும் நம் சகோதரர்கள் ஒரு மாத விடுமுறையில் வருகிறார்கள். பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்து, மேஸ்திரியிடம் முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். பிறகு கைப்பேசித் திரையிலேயே வேலையை மேற்பார்வை செய்கிறார்கள். அடுத்த விடுமுறைக்குள் திண்ணை போய்ப் போர்ட்டிகோ வந்துவிடுகிறது. முற்றம் மூடப்பட்டு அதன்மேல் ஃபால்ஸ் சீலிங் ஏறிவிடுகிறது. குடிபுகும் நாளில் மௌலூது ஓதி, பிரியாணி விருந்தும் நடக்கிறது. எல்லாம் முடிந்தபின் வாசல் தூணில் ஒரு கருங்கல் பலகை பதிக்கப்படுகிறது. இது என் இறைவனின் அருளால் ஆனது என்று பொருள்படும் அரபு வாசகம் அதில் பொன்னெழுத்தில் மின்னுகிறது.

வீடு புதுப்பிப்பதை நாம் எதிர்க்க வரவில்லை. ஒழுகும் கூரையை மாற்றுவதும், உளுத்த சட்டத்தை அகற்றுவதும், பெற்றோருக்கு நல்ல வசதி செய்து கொடுப்பதும் மார்க்கம் தடுக்காத காரியங்கள். நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தப் பலகை பதிக்கப்பட்ட சுவர் யாருடையது?

பட்டா யார் பெயரில்?

நம் பகுதியின் பழைய வீடுகளில் பல இன்னும் பிரிக்கப்படாதவை. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டு, மலைக்கு அப்பால் ஓடிய நீர் இப்பள்ளத்தாக்கில் இறங்கியது. அதன் பிறகு வந்த நெல் விளைச்சலிலும், குமுளி மலையேறி ஏலத்தோட்டங்களில் பட்ட பாட்டிலும் எழுந்த வீடுகள் அவை. கட்டியவர் மறைந்துவிட்டார். அவருடைய மகனும் மறைந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். வரி ரசீது இன்றும் அத்தாவின் பெயரிலேயே வருகிறது. சில வீடுகளில் பட்டா பாட்டனார் பெயரிலேயே கிடக்கிறது. "ஒற்றுமையாக இருக்கிறோம், ஆதலால் பிரிக்கவில்லை" என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம்.

அந்த ஒற்றுமைக்குள் ஒரு சகோதரர் வெளிநாட்டுப் பணத்தோடு வந்து வீட்டைப் புதுப்பிக்கிறார். அதன் பிறகு அது "அவருடைய வீடு" ஆகிவிடுகிறது. அங்கே பிறந்து வளர்ந்து, சின்னமனூருக்கோ போடிக்கோ பெரியகுளத்துக்கோ மணமாகிப் போன சகோதரி விருந்தாளி ஆகிவிடுகிறாள். இதற்கெனத் தனியே ஒரு தீர்மானம் போடப்படுவதில்லை. ஒரு பத்திரமும் எழுதப்படுவதில்லை. சிமெண்ட் காயும்போதே அவளுடைய உரிமையும் காய்ந்து போகிறது.

ஷரீஅத் இதை எப்படிப் பார்க்கிறது? ஒருவர் மவுத்தான அந்தக் கணமே அவருடைய சொத்து வாரிசுகளின் உடைமையாகிவிடுகிறது. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியதில் ஒவ்வொருவருக்கும் அளவு குறிக்கப்பட்டுள்ளது. யாரும் பிரித்துக் கொடுத்த பிறகுதான் உரிமை பிறக்கிறது என்பதில்லை. பிரிப்பது என்பது ஏற்கெனவே உரியதை உரியவர் கையில் ஒப்படைப்பது மட்டுமே.

மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்களை விட்டு ஒருவர் மறைந்தார் என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. வீட்டை 48 பாகமாகக் கணக்கிட்டால் தாய்க்கு 6, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. அவ்வீடு 48 லட்சம் ரூபாய் பெறும் என்றால் ஒரு மகளின் பங்கு 7 லட்சம். வளைகுடாவிலிருந்து வந்து இடிக்கும் சகோதரருக்கு அவ்வீட்டில் உரியது 48-இல் 14 மட்டுமே. மீதி 34 பாகத்தின் மீது அவர் கடப்பாரையை ஓங்க யார் அனுமதி கொடுத்தது?

அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனம், பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்று அறிவிப்பதோடு நிற்கவில்லை. அது குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் சரியே என்றும் சேர்த்துச் சொல்கிறது. "பழைய ஓட்டு வீடுதானே, இதில் என்ன பங்கு?" என்று கேட்பவர்களுக்கான பதில் அவ்வசனத்திலேயே இருக்கிறது. பங்குகளை விவரிக்கும் வசனங்களை அடுத்து 13, 14-ஆம் வசனங்கள் இவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என்று அறிவித்து, மீறுவோருக்கு இழிவான வேதனையை எச்சரிக்கின்றன. தொழுகையை விட்டவரைப் பற்றி நாம் தெருவெல்லாம் பேசுகிறோம். சகோதரியின் பங்கை விழுங்கியவர் முதல் ஸஃப்பில் நிற்கிறார். நாம் ஒன்றும் பேசுவதில்லை.

உஹதுக்குப் பின் வந்த ஒரு பெண்

இது புதிய நோயன்று. உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண் மக்களோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட செய்தியை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். தந்தை கொல்லப்பட்டதும் அப்பெண்களின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லாமல் இவர்களுக்கு மணம் முடிக்க இயலாது என்பதே அத்தாயின் முறையீடு. வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபியவர்கள் அச்சிறிய தந்தையை அழைத்து, பெண் மக்களுக்கு மூன்றில் இரண்டையும் அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றையும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டார்கள். திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் இது பதிவாகியுள்ளது.

ஃபராயிள் சட்டம் இறங்கியதன் பின்னணியில் குடும்பத்து ஆண் ஒருவர் எடுத்துக்கொண்ட பெண்களின் சொத்து இருக்கிறது. அப்படியிருக்க, அதே செயலை நாம் "வீடு கட்டுகிறோம்" என்ற பெயரில் செய்கிறோம்.

நாம் கேட்கும் சாக்குகள்

இதைப் பேசும்போதெல்லாம் நமக்குக் கிடைக்கும் பதில்கள் எல்லா ஊரிலும் ஒன்றேபோல் இருக்கின்றன.

"கல்யாணத்துக்கு நகை போட்டோமே, சீர் செய்தோமே, அதுதான் அவள் பங்கு." அத்தா உயிரோடு இருந்தபோது மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கோ அவர் மறைந்த பிறகே பிறக்கிறது. பிறக்காத ஒன்றை முன்கூட்டியே எப்படித் தீர்த்திருக்க முடியும்? மேலும், அந்த நகையில் எவ்வளவு மாப்பிள்ளை வீட்டாரின் நிர்ப்பந்தத்தால் போனது என்பது நமக்குத் தெரியாததா? பெண்ணிடமிருந்து வரதட்சணை வாங்கிய குற்றம் ஒரு வீட்டாருடையது. அதையே காரணம் காட்டி அவளுடைய பங்கை மறுப்பது இன்னொரு வீட்டாரின் குற்றம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவள் ஒரே பெண். இதே கணக்கைச் சகோதரர்களுக்கும் போடுவோமா? அவருடைய விசாவுக்கும் பயணத்துக்கும் அத்தா வயலை அடகு வைத்த பணத்தை அவருடைய பங்கில் யாராவது கழிக்கிறார்களா?

"அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்." எப்போது சொன்னாள்? தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து சொன்னாளா? கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபடும், பிரசவத்துக்கும் பெருநாளைக்கும் போக இடமிருக்காது என்ற அச்சத்தில் சொன்னாளா? ஒரு முஸ்லிமின் பொருள் அவர் மனமுவந்து தந்தாலொழிய மற்றவருக்கு ஆகுமானதன்று என்பது நபிமொழி. பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசலில் காரை நிறுத்தி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடம்மா" என்று வாங்கிய விடுதலைப் பத்திரம் அரசாங்கத்தின் ஏட்டில் செல்லுபடியாகலாம். மறுமையின் ஏட்டில் அதன் நிலை என்ன என்பதை அவரவர் நெஞ்சே சொல்லும். பங்கு இன்னதென்று கணக்கிட்டுக் காட்டி, பணத்தைக் கையில் வைத்து, "இது உன்னுடையது" என்று சொல்லுங்கள். அதன் பிறகு அவள் திருப்பித் தந்தால் அது அவளுடைய தாராள குணம். அதற்கு முன் சொல்லும் "வேண்டாம்" வெறும் மௌனத்தின் மறுபெயர்.

"அம்மா இருக்கும்போது எப்படிப் பிரிப்பது?" அம்மா இருப்பது தடையன்று, அம்மாவும் ஒரு பங்குதாரர். அவர் வாழும்வரை வீட்டை விற்காமல் அவர் இருப்புக்கு விட்டுவைப்போம் என்று மக்கள் ஒப்புக்கொள்வது நற்செயல்தான். பங்குகளை எழுதி வைத்துவிட்டு அதைச் செய்யலாமே! அவர் இருப்பதைக் காரணம் காட்டிப் பிரிக்க மறுப்பவர், அதே வீட்டை இடிக்கும்போது மட்டும் அவர் இருப்பதைத் தடையாகக் காண்பதில்லை.

"பாலையில் இருபது ஆண்டு வெந்த பணம் என்னுடையது." உண்மை. அந்தப் பணம் உங்களுடையது. அதில் யாருக்கும் பங்கில்லை. நிலமும் சுவரும் தேக்கு உத்திரமும் அப்படியல்ல. இப்பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் சட்டம் இதில் தெளிவாக உள்ளது. கூட்டுச் சொத்தின் பழுதுபார்ப்புக்குப் பிற பங்குதாரர்களின் அனுமதியோடு செலவு செய்தவர் அவரவர் பங்குக்கு உரியதைக் கேட்டுப் பெறலாம். அனுமதியின்றிச் செலவு செய்தவர் தானமாகச் செய்தவராகவே கருதப்படுவார். பிரிக்கக்கூடிய கூட்டு நிலத்தில் அனுமதியின்றித் தனக்கெனக் கட்டடம் எழுப்பியவர் விஷயத்தில், பங்கு பிரிக்கும்போது அவ்விடம் வேறொருவர் பாகத்தில் விழுந்தால் கட்டடத்தை அகற்றும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பிலும் இவ்விதிகள் இடம்பெற்றுள்ளன. பாலையில் வெந்த பணத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் முதலில் பங்கைப் பிரிப்பதுதான் வழி. பிரிக்காமல் கட்டுபவர் சகோதரிக்கு அநீதி இழைப்பதோடு, தம் உழைப்பையும் தகராறின் மேல் கொட்டுகிறார்.

"சட்டம் பேசினால் உறவு முறியும்." நாட்டுச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. வழக்காறு என்ற பெயரில் பெண்களின் பங்கு மறுக்கப்படுவதை நிறுத்த வேண்டும் என்று உலமாக்களும் குரல் கொடுத்த பின்னணியில் வந்ததே 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம். அதில் விடுபட்டிருந்த விவசாய நிலத்தையும் சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து சேர்த்தது. ஷரீஅத் சட்டத்தைத் தொடாதே என்று மேடையில் முழங்குகிறோம். அச்சட்டம் நம் சகோதரிக்குத் தரும் பங்கை மட்டும் நாமே தொட்டுவிடுகிறோம். உறவை முறிப்பது கேட்பவளா, கொடுக்காதவரா?

எம் வீட்டுக் கதை

இவ்வளவு எழுதும் நாம் தூயவரல்லர். எம் அத்தா மவுத்தான பின் ஏழு ஆண்டுகள் எம் சகோதரிகளின் பங்கு எம்மிடமே இருந்தது. அந்த ஏழு ஆண்டுகளும் மதரஸாவில் கரும்பலகையில் எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்று எழுதிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். வெளிநாட்டிலிருக்கும் எம் இளவல் கூரையை எடுத்துத் தளம் போடலாம் என்று பணம் அனுப்பியபோதும் எமக்கு உறைக்கவில்லை. கொத்தனாரோடு பேசி நாள் குறித்துவிட்டோம். அந்த வாரம் பாடம் முடிந்ததும் ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், உங்கள் வீட்டில் இதை எப்படிப் பிரித்தீர்கள்?" என்று கேட்டார். கணக்கைப் புரிந்துகொள்ளவே கேட்டார். குற்றம் சாட்டக் கேட்கவில்லை. எம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிரவு எம் அக்காவிடம் தொலைபேசியில் பேசினோம். பங்கைப் பற்றிச் சொன்னதும் நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அங்கே ஏதோ இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் தம்பி" என்றார். அவருக்குப் பணத்தேவை இருந்தது. மகளின் படிப்புக்காக நகையை அடகு வைத்திருந்தார். ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் எம்மிடம் கேட்டதில்லை. கேட்காததையே நாம் சம்மதம் என்று எண்ணியிருந்தோம். தளம் போடும் வேலை ஓராண்டு தள்ளிப்போனது; அந்தப் பணம் சகோதரிகளுக்குப் போனது. கூரை அவ்வாண்டும் ஒழுகியது. ஆனால் அந்த மழையில் நாம் நிம்மதியாகத் தூங்கினோம், அல்ஹம்து லில்லாஹ்.

கேட்கப்படாத தாய்

48-இல் 6 பாகம் உடைய அந்தத் தாயிடமும் ஒரு வார்த்தை கேட்கப்படுவதில்லை. முகப்புக்கு இத்தாலியப் பளிங்கு, கூடத்துக்கு வழுக்கும் டைல்ஸ், மாடிக்கு மூன்று படுக்கையறை என்று வரைபடம் அரபு நாட்டிலிருந்தே வந்துவிடுகிறது. அதில் குடியிருக்கப் போவதோ மூட்டுவலியோடு தனியே வாழும் ஒரு மூதாட்டி. அவருக்குத் தேவை வழுக்காத தரையும், உட்காரத்தக்க கழிப்பிடமும், பிடித்து எழ ஒரு கம்பியும், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அமரும் அந்தப் பழைய திண்ணையும்தான். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஏறிய ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, பூச்சு பொருமி உதிரும். வயதான கொத்தனார்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். ஓட்டை மாற்றி, சட்டத்தைச் சீராக்கி, குளியலறையைத் திருத்தினால் பல வீடுகளுக்குப் போதும். ஆனால் அது தெருவில் யார் கண்ணிலும் படாதே!

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் பலவீனப்பட்டுப் போன தம் குடிசையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்றார்கள். என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, மரணம் இதைவிட விரைவாக வருவதாகவே தாம் காண்பதாகச் சொன்னார்கள். பழுதுபார்ப்பதை அவர்கள் தடுக்கவில்லை. எதை முந்திச் செய்ய வேண்டும் என்பதை நினைவூட்டினார்கள். நம் முன்னோரில் பொருள் படைத்தோர் அதைப் புரிந்துகொண்டவர்கள். உத்தமபாளையத்தில் 1956-இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் இன்றும் பல சமயத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் காலத்துப் பணமோ பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் தூசி படிந்த சோபாக்களாகக் கிடக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, மறைந்தவரின் கடன்களைத் தீருங்கள். அம்மாவுக்குக் கொடுக்கப்படாத மஹர் இருந்தால் அதுவும் கடனே. பங்குக்கு முன் அது வெளியேற வேண்டும்.

இரண்டாவதாக, மரணத்தின்போது உயிரோடிருந்த வாரிசுகள் அனைவரையும் எழுதி, அறிந்த ஆலிமிடம் கணக்கைக் கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெறுங்கள். தாமதித்தால் சிக்கல் பெருகும். பங்கைப் பெறாமலே ஒரு சகோதரி மவுத்தாகிவிட்டால், அவருடைய 7 பாகத்தில் கணவருக்கு நான்கில் ஒன்று, உயிரோடிருக்கும் தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி அவர் பிள்ளைகளுக்கு என்று பங்குக்குள் பங்கு கிளைக்கும். அப்பிள்ளைகள் சிறுவர்களாயின் அது அநாதைச் சொத்து. அதை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பை உண்கிறார் என்று குர்ஆன் எச்சரிப்பதை அறியாதவர் உண்டா?

மூன்றாவதாக, இன்றைய சந்தை விலையைக் கணக்கிடுங்கள். அத்தா மறைந்த ஆண்டின் விலையையும், அரசின் வழிகாட்டி மதிப்பையும் காட்டிச் சகோதரியின் பங்கைச் சுருக்காதீர்கள். அவளுக்கு உரியது வீட்டில் ஒரு பாகம்; வீட்டின் விலை ஏறும்போது அவள் பாகமும் ஏறும்.

நான்காவதாக, வீடு வேண்டுமென்றால் அவளுடைய பங்கை உரிய தொகை கொடுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள். வாரிசு ஒருவர் ஒப்புக்கொண்ட தொகை பெற்று விலகுவதை ஃபிக்ஹு நூல்கள் தகாருஜ் என்று அனுமதிக்கின்றன. ஒரே தவணையில் இயலாவிட்டால் மாதத் தவணை எழுதிக் கொடுங்கள். வீட்டுக்கு வட்டிக் கடன் வாங்கி ஒரு பாவத்தின் மேல் இன்னொரு பாவத்தை அடுக்க வேண்டாம். கணக்கு முடிந்தபின் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு மேஸ்திரியை அழையுங்கள்.

மஹல்லா ஜமாஅத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். குடிபுகும் விருந்துக்கு அழைப்பு வரும்போது, "சகோதரிகளின் பங்கு முடிந்ததா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஃபாத்திஹா ஓத அழைக்கப்படும் எம்மைப் போன்ற ஆலிம்களும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டே அவ்வீட்டின் படியேற வேண்டும். கேட்காமல் ஓதிவிட்டு வந்த குற்றம் எமக்கும் உண்டு.

ஒருவரின் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்பது ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அறிவிக்கும் நபிமொழி. ஒரு சாணுக்கு அது என்றால், 48-இல் 7 பாகத்துக்கு?

அந்தக் கருங்கல் பலகையைப் பதிப்பதற்கு முன் சகோதரியை அழைத்து அவள் கையில் உரியதைக் கொடுங்கள். அதன் பிறகு அது இறைவனின் அருள் என்று எழுதினால் எழுத்தும் பொய்யாகாது, வீடும் பரக்கத்தாக இருக்கும்.

வல்ல அல்லாஹ் பிறர் உரிமையை உண்பதிலிருந்து நம்மையும் நம் பிள்ளைகளையும் காப்பானாக! நாம் தாமதித்ததை மன்னிப்பானாக! ஆமீன்.